மெழுகுவத்தியைச் சுற்றி ஐந்து சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டுவிழாக்கள் பெற்றோருக்கு இழுத்துவிடும் செலவைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்னது அத்தனையும் உண்மை. என் பேரன் படிக்கும் பள்ளியில் போன ஆண்டு நான்கு நிமிட நடனத்துக்கு உடை வாடகை மட்டும் 600 ரூபாய். பிள்ளையை மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவனுடைய ஜிகினாத் தொப்பியைத்தான் பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் ‘விழாவே வேண்டாம், பாடம் போதும்’ என்று கட்டுரையை முடித்திருந்தீர்களே, அது எனக்கு ஒப்பவில்லை. காசு இல்லாத விழாவும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 34 ஆண்டுகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு பாம்பனில். மகள் வழிப் பேத்தி பக்கத்தில் ஒரு சிறிய மாண்டிசோரி பள்ளிக்குப் போகிறாள். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய அம்மையார் வகுத்த முறை, பிள்ளை தானே செய்து கற்றுக்கொள்வது. மொத்தமே 28 பிள்ளைகள். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே கூடத்தில். பெரியது சின்னதுக்குப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுக்கும். முதல் நாள் பார்த்தபோது, ‘இது என்ன, டீச்சருக்கு வேலையே இல்லை போலிருக்கிறதே’ என்று மனதுக்குள் நினைத்தேன்.

பேத்திக்கு ஐந்து வயது நிறைந்த அன்று எங்களை வரச் சொன்னார்கள். கேக் இல்லை, பலூன் இல்லை. தரையில் ஒரு மெழுகுவத்தி, அதுதான் சூரியன். சுற்றிப் பன்னிரண்டு மாதங்களின் பெயர் அட்டைகள். பிள்ளை கையில் ஒரு சின்னப் பூமி உருண்டையை ஏந்திக்கொண்டு மெழுகுவத்தியை ஒரு தடவை மெதுவாகச் சுற்றிவந்தது. ‘ஒரு வருஷம் ஆச்சு. பாப்பாவுக்குப் பல் முளைச்சது’ என்றார் டீச்சர். அடுத்த சுற்று: ‘பாப்பா நடந்தா.’ மூன்றாவது சுற்றில், தம்பி பிறந்தான். இப்படி ஐந்து சுற்று. உலகமெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் நடக்கிற வழக்கமாம் இது. 34 ஆண்டுகளாக ‘பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாள், 6 மணி’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்க வைத்தவள் நான். பிறந்தநாள் என்றால் அந்தச் சுற்றுதான் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் பேத்தி, ‘அம்மாச்சி, நீ எத்தன சுத்து?’ என்றாள். 63 என்றேன். ‘தல சுத்தலையா?’ என்கிறாள்.

இன்னொன்று, ஏப்ரலில் வருவது. இங்கே பெரிய பள்ளிகளின் ஆண்டுவிழா பிப்ரவரியில் நடக்கும். அப்போது விசைப்படகுகள் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்பாமார் கடலில் இருப்பார்கள். மேடையில் பிள்ளை, எதிரே நாற்காலியில் அம்மா மட்டும். இந்தச் சின்னப் பள்ளி மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்து நாள் வைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே, கோடை விடுமுறை விடுவதற்கு முன்னால், அப்பாக்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அன்று பிள்ளைகள் ஆடுவதுமில்லை பாடுவதுமில்லை. பாயை விரித்து, தாங்கள் தினமும் செய்யும் வேலையைச் செய்து காட்டும். அப்பாக்கள் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய ‘ழ’வின் மேல் ஒரு அப்பாவின் விரலைப் பிடித்துத் தடவ வைத்தாள் அவர் மகள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல் அது. உப்புத்தாளின் சொரசொரப்பு அதில் தெரிந்ததோ என்னவோ. மனிதர் தலையைக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

நிலமும் நீரும் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு தட்டில் களிமண்ணைத் தீவாகப் பிடித்து வைத்து நீலத் தண்ணீர் ஊற்றுவார்கள். பக்கத்துத் தட்டில் அதையே மாற்றி, சுற்றிலும் மண்ணும் நடுவில் தண்ணீருமாக வைத்தால் ஏரி. முனை, விரிகுடா, ஜலசந்தி எல்லாம் இப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய், தட்டில் பார்த்ததைக் கண்ணால் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் நாங்கள் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண்கடல். அலையைப் பார்த்தே பிள்ளைகள் எது எது என்று சொல்லிவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கூடுதல் வசதி, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் நடப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாண்டிசோரி அம்மையார் ஒருமுறை நான்கு மாதக் கைக்குழந்தையை வகுப்புக்குள் தூக்கிவந்து, ‘இதுபோல உங்களால் சத்தமில்லாமல் இருக்க முடியுமா?’ என்று கேட்டாராம். எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளும் மௌன விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. அதை இங்கே தனுஷ்கோடிக்காக வைத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே போனதும், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைக் கடல் கொண்டதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். என் அம்மா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. தம்பி பிரசவத்துக்காக என்னையும் தூக்கிக்கொண்டு பாம்பனுக்கு வந்திருந்ததால் நாங்கள் தப்பினோம். எனக்கு அப்போது இரண்டு வயது. போன டிசம்பரில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘பயமுறுத்தாமச் சொல்லுங்கம்மா’ என்றார் டீச்சர். நான் செத்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. அங்கே ஒரு தபால் நிலையம் இருந்தது, தேவாலயம் இருந்தது, இலங்கைக்குக் கப்பல் போனது என்று மட்டும் சொன்னேன். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். 28 பிள்ளைகள் இருக்கிற கூடத்தில் வாடைக்காற்று பனையோலையில் உரசுவதைக் கேட்டேன். டீச்சர் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுக்க, ஒவ்வொன்றாக எழுந்து பூனை மாதிரி நடந்து போயின. கடைசியில் என் பெயரையும் கூப்பிட்டார்.

இனிக் குறை. இந்தப் பள்ளியின் கட்டணம் என் மருமகன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிறது. இங்கே சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்ணுக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஏப்ரல் நாளில் வந்த அப்பாக்களில் படகு உரிமையாளர்களே அதிகம். கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், அதுவும் சலுகைக் கட்டணத்தில். 1907இல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் அந்த அம்மையார் முதல் பள்ளியைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தவர். போர் மூண்டதில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கிப் பாடம் நடத்தினார். அப்படிப்பட்டவரின் பெயர் இன்று கண்ட கட்டடத்திலும் போர்டாகத் தொங்குகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பெஞ்சு வரிசை, ரைம்ஸ், வீட்டுப்பாடம். போர்டைப் பார்த்துப் பணம் கட்டும் பெற்றோர், பிள்ளை தரையில் பாய் விரித்து வேலை செய்கிறதா என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கேயும் வயது கலந்துதான் உட்காருகிறார்கள், பாயும் தரையும்தான். மெழுகுவத்திக்கும் உருண்டைக்கும் எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை. எங்கள் தெரு அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டேன். ‘மேலிடத்தில் ஒன்றும் சொல்ல மாட்டார்களே?’ என்று தயங்கியவர், சத்துணவு முடிந்து பிள்ளைகள் தூங்கப்போகும் முன் பத்து நிமிஷம் தந்தார். பழைய ரப்பர் பந்துக்கு நீலப் பெயின்ட் அடித்தேன். ஒரு மீனவர் வீட்டுப் பையன், நான்கு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே கடல்காற்றில் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. ‘சூரியன் அவிஞ்சு போச்சு’ என்று பிள்ளைகள் ஒரே கூச்சல்.

அடுத்த மாதம் இரண்டு பிறந்தநாள் வருகிறது. பரண்மேல் கிடந்த அரிக்கேன் விளக்கை இறக்கித் துடைத்து, திரி மாற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.