கோமாரிக்கு முன்பே எழுதும் கணக்கு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள கலியபெருமாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் மகிழ்ச்சி; என் கண்புரை அறுவையும் நல்லபடியாக முடிந்தது. கால்நடை நோய்க் கொள்கையில் அரசும் தொழில்துறையும் கைகோப்பது மேடைப்பேச்சோடு நின்றுவிடும் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

ஆஸ்திரேலியாவில் 1872-க்குப் பிறகு கோமாரி, அதாவது மாடுகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போடும் தொற்றுநோய், வந்ததில்லை. இருந்தும், நோய் வந்தால் யார் எவ்வளவு செலவை ஏற்பது என்று அங்குள்ள அரசுகளும் கால்நடைத் தொழில் அமைப்புகளும் 2002-லேயே ஒப்பந்தம் எழுதி வைத்துவிட்டன. வெறிநோய்க்கு முழுச் செலவும் அரசுடையது. கோமாரிக்கு அரசு 80 விழுக்காடு, தொழில்துறை 20. வணிகத்தை மட்டுமே பெரிதும் பாதிக்கும் நோய்களுக்கு இந்த விகிதம் தலைகீழாகும். பணம் போடுகிறவர்களுக்கு முடிவெடுக்கும் கூட்டத்தில் இடமும் உண்டு.

இங்கே 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் தடுப்பூசிச் செலவை மத்திய அரசே ஏற்கிறது. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரிடம் போய்ப் பங்கு கேட்க முடியாது என்பதால் அது நியாயமே. ஆனால் பாலை வாங்கி விற்பவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு தொழுவத்துக்குப் போனேன். கறவை மாட்டின் வாயிலிருந்து எச்சில் கயிறுபோலத் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. குளம்பிடுக்கில் கொப்புளம் உடைந்து ஈ மொய்த்தது. நோய் கண்டு ஆறு நாளாகியிருந்தது. ஏழு லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று மூன்று லிட்டரோடு வந்து நின்றதால், பால் கொள்முதல் மையத்தில் இருந்தவருக்கு மூன்றாம் நாளே விஷயம் தெரியும். வெளியே சொன்னால் ஊர்ப்பாலையே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நோயில்லாத வீடுகளின் பால் கொள்முதல் நிற்காது, நின்ற பாலுக்கு ஒரு பகுதி ஈடு கிடைக்கும் என்று பால் நிறுவனங்களும் கால்நடைத் துறையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், மூன்றாம் நாளே எனக்குத் தொலைபேசி வந்திருக்கும். அடுத்தடுத்த தொழுவங்களுக்கும் நோய் தாவியிருக்காது.

நாம் கல்லூரியில் விழுந்து விழுந்து படித்த வெக்கைநோய் (மாடுகளைக் கொன்ற ரிண்டர்பெஸ்ட்) 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிந்தது. அதிலும் கடைசிக் கட்டத்தில் தடுப்பூசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகப் போய் நோயைத் தேடினார்கள் அல்லவா? அப்படித் தேடுகிறவருக்குத் தினமும் காலையில் பால் அளப்பவரைவிட நல்ல துணை யார்?

எங்கள் பால் சங்கத்தில் இதைப் பேசப்போகிறேன். தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியைச் சேர்ந்த உங்கள் பாகூர், இந்தப் பக்கம் நாங்கள். வெவ்வேறு அரசு என்பது மாட்டுக்கும் தெரியாது, கோமாரிக்கும் தெரியாது. உங்கள் ஊரில் அடுத்த சுற்றுத் தடுப்பூசி எந்தத் தேதியில் என்று விசாரித்து எழுது. எங்கள் தேதியோடு ஒத்துப்போகவில்லை என்றால் கூட்டத்தில் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
தணிகாசலம்