அது சிரிப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில், சட்டை போட்ட சிம்பன்சிக் குட்டியின் படத்துக்குக் கீழே 'சிரிக்கும் குரங்கு' என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதை வெட்டி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். வாலே இல்லாத மனிதக்குரங்கை வெறும் குரங்கு என்றதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் மேல்பல், கீழ்ப்பல் எல்லாம் தெரிய உதட்டை இழுத்துக் காட்டினால் சிம்பன்சிக்கு அது பயம். விளையாட்டில் சிரிக்கும்போது வாய் தளர்வாகத் திறந்திருக்கும், மேல்பல் மறைந்திருக்கும். அந்தக் குட்டி மிரண்டு போய் நிற்கிறது ஐயா.

நான் 30 வருஷம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவள். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது, 1917இல், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்த மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே கினி நாட்டில் போசு என்ற ஊரை ஒட்டிய காட்டில், சிம்பன்சிகள் அதே செம்பனைக் கொட்டையை ஒரு கல்லில் வைத்து இன்னொரு கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்கின்றன. சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நாங்களும் இப்படித்தான் உடைப்போம். அடிக்கல் ஆடினால் கொட்டை தெறித்து ஓடிவிடும். அதனால் அடியில் ஒரு சில்லுக் கல்லைச் சொருகுவோம். சில சிம்பன்சிகளும் அதே மாதிரி அடிக்கல்லுக்கு முட்டுக் கொடுக்கின்றன என்று படித்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

இந்த வேலை குட்டிக்குச் சட்டென்று வந்துவிடாது. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்க்கும். கல்லை எடுக்கும், கொட்டையை எடுக்கும், இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரியாமல் திண்டாடும். 3 வயதுக்கு மேல்தான் கை பழகத் தொடங்கும். பால்குடி மறக்கவே நாலைந்து வருஷம் ஆகும், அடுத்த பிள்ளைக்கும் ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி. அப்படிப்பட்ட தாயிடமிருந்து, கடத்தி விற்கக் குட்டியைப் பிடுங்க வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் சுடுகிறார்கள். குறுக்கே வரும் மற்றவையும் சாகும்.

இதெல்லாம் ஆப்பிரிக்காவோடு முடிகிற சங்கதி இல்லை. 2002இல் நைஜீரியாவிலிருந்து கடத்தப்பட்ட 4 கொரில்லாக் குட்டிகள் நம் தைப்பிங் மிருகக்காட்சி சாலை வரைக்கும் வந்தன. அவை கெமரூன் நாட்டுக் காப்பகத்துக்குப் போய்ச் சேர 2007 ஆகிவிட்டது.

காட்டில் மிச்சம் இருக்கும் சிம்பன்சிகள் 3 லட்சத்துக்குள்தான். மனிதரோடு சேர்ந்து நிற்கும் சிம்பன்சிப் படத்தைப் பார்க்கிறவர்கள், காட்டில் அவற்றுக்குக் குறைவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள் என அமெரிக்காவில் ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். சட்டை போட்ட படம் வேண்டாம் என்று நான் கேட்பது அதனால்தான்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், தாயும் குட்டியும் கொட்டை உடைக்கும் படம் ஒன்று போடுங்கள். அது என்ன கொட்டை என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலமாரியில் இருப்பதை எடுத்துவிட்டு, பேத்தியும் நானும் அதை ஒட்டிக்கொள்கிறோம்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்