பாதியில் திரும்பியவருக்கும் அந்த மாதத்தை எழுதிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் குழுகுழுவாக மலை ஏறப் போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். மாதத்துக்கு ஒரு மலை, ஆண்டுக்கு 12 மலை, முடித்தவர்களுக்குப் பதக்கம் என்று நடக்கிற சவால்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். நானும் அப்படி ஒரு குழுவில் ஒன்றரை வருடம் இருந்தவள்தான். பிறந்தது போடிநாயக்கனூர், கல்யாணமாகி டர்பனுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. அந்தப் பக்கத்தில் விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று கட்டம் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே ஆட்களை மேலே கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் இங்கே வந்துவிட்டது. அதை நிறுத்த வேண்டும், பாதியில் திரும்பியவருக்கும் அந்த மாதத்தை எழுதிக்கொடுக்க வேண்டும்.

மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமியாரின் குடும்பம் டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தது, நிறவெறி ஆட்சியில், 1960களில், அங்கிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். பூங்கா, கடற்கரை, பெஞ்சு வரைக்கும் நிறம் பார்த்துப் பிரித்த சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் போனது. அதனால் டிராகன்ஸ்பெர்க் மலையை அவர் பார்த்ததெல்லாம் ஜோகன்னஸ்பர்க் போகிற வழியில், பஸ் ஜன்னல் வழியாகத்தான். சூலு மொழியில் அதற்கு உக்கஹ்லாம்பா என்று பெயர், ஈட்டிகளை வரிசையாக நட்டுவைத்த மாதிரி என்று அர்த்தம் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் சுருக்கமாக பெர்க் என்பார்கள். மாமியாருக்கு 68 வயதில்தான் பெர்க்கில் இருக்கிற ராயல் நேட்டால் பூங்காவுக்குள் கால் வைக்க முடிந்தது. அங்கே ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அதே சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் பெண்களும் பிள்ளைகளும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோற்றை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள் என்றால் அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அந்தச் சந்தோஷத்தில் யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை. குழுவின் பெயர் வேண்டாம், நடத்தியவரின் பெயரும் வேண்டாம், அவர் கெட்ட மனிதரும் இல்லை. அந்த மாதத்துக்கு எங்களுக்குக் குறித்த இடம் பெர்க்கில் இருக்கிற சென்டினல் பாதை. மலை உச்சியின் சமவெளியில் ஓடிவருகிற துகேலா ஆறு 948 மீட்டர் கீழே விழுகிற இடத்துக்குப் போகிற வழி அது, உலகத்தின் உயரமான அருவிகளில் ஒன்று. வண்டி நிறுத்துகிற இடமே 2,500 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து வளைந்து வளைந்து நடந்து போனால் கடைசியில் பாறைச் சுவர் வந்து நிற்கும், அதில் சங்கிலியில் தொங்குகிற இரும்பு ஏணிகள் இரண்டு அடுக்காக, மொத்தம் ஏறக்குறைய 30 மீட்டர். ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும்.

நாங்கள் 34 பேர். பஸ் தாமதம், வழியில் ஹாரிஸ்மித் ஊரில் கழிப்பறைக்கு வரிசை, கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கிச் சிறிய வண்டிகளில் பிரிந்து போனது என்று எல்லாம் சேர்ந்து நடக்க ஆரம்பிக்கும்போது மணி பத்தே முக்கால். இங்கே ஜனவரி கோடைக்காலம், அப்போது பெர்க்கில் அது ரொம்பத் தாமதம். நவம்பரிலிருந்து மார்ச் வரை காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், பதினொன்று பன்னிரண்டுக்கு உச்சியின் பின்னால் வெள்ளையாகக் கொஞ்சம் பொங்கும், இரண்டு மூன்று மணிக்குள் இடி. தினமும் இல்லாவிட்டாலும் பல நாள் இதுதான் கதை, மலையடிவாரத்தில் மாடு மேய்க்கிற பையனைக் கேட்டாலும் சொல்வான்.

ஏணிக்கு வந்தபோது பன்னிரண்டரை. என்னோடு என் நாத்தனார் மகள் வந்திருந்தாள், அப்போது அவளுக்கு 14 வயது. (எங்கள் ஊரில் என்றால் என்னை அத்தை என்று கூப்பிடுவாள், இங்கே மாமி.) அவள் ஏணியைப் பார்க்கவில்லை, மேலே வானத்தைப் பார்த்தாள். "மாமி, மழை வருது. நான் வரலை" என்றாள். அவளோடு இன்னும் மூன்று பேர் திரும்பினார்கள், அதில் ஒருவர் பெரியவர், அவர் பொறுப்பில் அவளைக் கீழே அனுப்பினேன். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவுக்கு முட்டி வலி, அவரைத் தனியாக விட மனசு வரவில்லை என்பது ஒன்று. ஜனவரிக் கட்டம் காலியாகிவிடுமே என்பது இன்னொன்று, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 30 பேருக்கு ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கை டர்பனில் உட்கார்ந்தே போட்டிருக்கலாம், யாரும் போடவில்லை. கடைசி ஆள் ஏறி முடித்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. முதலில் ஏறியவர்கள் காத்திருந்து குளிர் தாங்காமல் தலைவரோடு அருவியைப் பார்க்கப் போய்விட்டார்கள், ஆக அதற்குள் குழு இரண்டாகிவிட்டது, எங்களோடு பாதை தெரிந்தவர் யாரும் இல்லை. மூன்று மணிக்கு இருட்டியது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே வாய்விட்டு எண்ணினோம், முதலில் ஒன்பது வரை வந்தது, ஒலி மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் மூன்று கிலோமீட்டர் தூரம். அடுத்தது ஐந்து. அதற்கடுத்தது மூன்று எண்ணவில்லை, ஆலங்கட்டி விழ ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் எங்கள் குழுவின் கல்லூரிப் பெண் ஒருத்தி ஏணியின் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த படி எங்கே என்று அவள் வலது கால் காற்றில் தேடித் தேடி வந்ததும், ஈரக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்ததும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இடி இடிக்கும்போது இரும்பில் தொங்கிக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

வேறொரு குழுவோடு வந்திருந்த, சோத்தோ இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர்தான் எங்களைக் காப்பாற்றினார். பயத்தில் எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு ஒட்டி நின்றோம், அவர் சத்தம் போட்டுப் பிரித்துவிட்டார். விளிம்பிலிருந்து தள்ளிப் பள்ளமான இடத்துக்குக் கொண்டுபோய், ஆளுக்கு ஆள் நிறைய இடைவெளி விட்டு, பையைக் கீழே போட்டு அதன்மேல் காலைச் சேர்த்துக் குந்தி உட்காரச் சொன்னார். கூட்டமாக நின்றால் ஒரே மின்னல் எல்லோரையும் சாய்த்துவிடும். பாறைக்கு அடியில் குடை மாதிரி இருக்கிற சின்னப் பொந்தில் ஒதுங்குவதும் ஆபத்து என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், மின்னல் பாறை வழியாக இறங்கி அந்த இடைவெளியைத் தாண்டும்போது நடுவில் நாம் இருப்போம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை ஏணியில் யாரையும் அவர் விடவில்லை. பெரியம்மா அந்த நேரம் முழுக்க முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே வண்டிக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது, கையில் டார்ச் இருந்தது 34 பேரில் ஆறு பேரிடம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் ஜனவரி முடித்தவர்கள் பட்டியல் வந்தது. ஏணியில் ஏறிய 30 பேரின் பெயரும் இருந்தது. திரும்பிய நாலு பேரின் பெயர் இல்லை. அந்த 34 பேரில் சரியான முடிவு எடுத்தது அந்த நாலு பேர்தான் ஐயா. 14 வயதுப் பிள்ளை பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள், அதற்குப் பிறகு ஒரு வருடம் மலைக்கு வரவே இல்லை. நான் கேட்டதற்கு, உச்சியைத் தொட்டால்தான் கணக்கு, விதியென்றால் விதி என்றார்கள். அன்றோடு நான் குழுவை விட்டேன்.

உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு இங்கே வர நினைப்பவர்களுக்குப் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்குச் சித்திரை பிறக்கும்போது இங்கே இலையுதிர் காலம். ஏப்ரல், மே இரண்டும்தான் என்னைக் கேட்டால் பெர்க்குக்குத் தங்கமான மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், காற்று தெளிந்து தாடிக்கழுகு பறப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும். கதீட்ரல் பீக் மாதிரி 3,004 மீட்டர் உயரத்துக்கு, போக வர ஒரு பகல் முழுக்கப் பிடிக்கிற ஏற்றத்துக்கு அதுதான் நேரம். ஜூன், ஜூலையில் வானம் நீலமாக இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது, ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும், இரவில் பாட்டில் தண்ணீர் கட்டியாகிவிடும், உச்சியில் பனி கிடக்கும். செப்டம்பர் என்றால் வசந்தம் என்று நினைப்பார்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பெய்த பனியில் டர்பன்-ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையையே மூடி, வண்டிகள் ராத்திரி முழுக்கச் சாலையில் நின்றன, மலைமேல் எப்படி இருந்திருக்கும். கேப் டவுனில் எல்லாம் தலைகீழ், அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும், கோடையில் டேபிள் மலையில் வெயிலும் தென்கிழக்குக் காற்றும் வாட்டும். ஒரே நாட்டிலேயே இப்படி இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்?

அப்புறம் தீ. குளிர்கால முடிவில் பெர்க் சரிவு முழுக்கப் புல் காய்ந்து பழுப்பாகிவிடும், மலையிலிருந்து இறங்குகிற சூடான வறண்ட காற்று வேறு அடிக்கும், ஒரு பொறி போதும். அந்தப் புல்லுக்கு நடுவில் நடக்கும்போதெல்லாம் எனக்குக் குரங்கணி ஞாபகம்தான். 2018 மார்ச் 11, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்த இரண்டு குழுக்கள், சென்னைப் பக்கமும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமும் இருந்து வந்த பிள்ளைகள், நிறையப் பேர் பெண்கள். காய்ந்த புல்லில் தீ ஏறி 20 பேருக்கு மேல் போனார்கள். அது எங்கள் ஊர் மலை. போடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அந்த வரிசை தெரியும். என் தம்பி அன்றைக்கு ராத்திரி போனில் பேசினான், பேசினான் என்றால் அழுதான், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்திலும் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள், அது ரொம்பச் சரி. நம்முடைய வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரியிலிருந்து மே வரைதான் ஏற விடுகிறார்கள், மற்ற மாதத்தில் ஏறவில்லை என்று எந்தப் பக்தரும் வருத்தப்படுவதில்லை. ஏழாவது மலைக்கு முடியாதவர் ஐந்தாவதில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு இறங்குவார், மூங்கில் தடி அவர் கையிலும் இருக்கும்.

இங்கே குழு நடத்துகிறவர்களிடமும், நீங்கள் இதை அச்சிட்டால் தமிழ்நாட்டில் குழு நடத்துகிறவர்களிடமும் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பெர்க்கில் நுழைவிடத்தில் பதிவேடு வைத்திருக்கிறார்கள், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், எத்தனை பேர் என்று அதில் எழுத வேண்டும், மீட்புக் குழு தேடி வருவதென்றால் அதை வைத்துத்தான் வரும். எங்கள் குழுவில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து 20 என்று போட்டுவிட்டு நடந்தார். அதைச் சரியாக எழுதுங்கள். திரும்புகிற நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், உச்சி பத்து நிமிடத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பத்தான் வேண்டும். முட்டி வலிக்காரரை முன்னால் விடுங்கள், பாதை தெரிந்தவர் ஒருவர் கடைசியில் வரட்டும். ஏணி மாதிரி இடத்துக்கு 34 பேரை ஒரே நாளில் கூட்டிப்போகாதீர்கள், பத்துப் பேர் போதும். கோடை மாதங்களுக்கு உச்சி வேண்டவே வேண்டாம், துகேலா பள்ளத்தாக்கில் நடக்கலாம், டர்பன் பக்கத்திலேயே கிராண்ட்ஸ்க்ளூஃப் காடு இருக்கிறது, காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த மே மாதம் நாங்கள் ஒன்பது பேர் கதீட்ரல் பீக் போகிறோம். விடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பிப்பது, பகல் பன்னிரண்டுக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று பேசிவைத்திருக்கிறோம். என் நாத்தனார் மகள் வருகிறாள், இப்போது அவளுக்கு 16. முன்னால் நடக்கப்போவது அந்தப் பெரியம்மா. நேரம் பார்த்துத் திருப்புகிற வேலையை நாத்தனார் மகளிடம் கொடுத்திருக்கிறோம், அதற்காக என் பழைய கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
போடியில் பிறந்த ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா.