கருவி சரியாகத்தான் காட்டுகிறது, மேப்தான் பழசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுமலை அடிவாரம், நத்தம், மேலூர், பேரையூர் பக்கமெல்லாம் தார் ரோட்டை விட்டு இறங்கி பைக்கிலும் ஜீப்பிலும் சுற்றுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ‘எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?’ என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களும் அதற்குத்தான் பதில் எழுதுகின்றன. அதில் எந்த மேப்பை ஏற்றுவது என்று கேட்பவர் குறைவு. இன்றைய சுமாரான செல்போன்கூட வெட்டவெளியில் ஐந்து மீட்டர் முன்னே பின்னே இடத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே விரிந்திருக்கும் படம் எந்த வருடம், எதைப் பார்த்து வரைந்தது என்பதில்தான் வண்டி மாட்டிக்கொள்கிறது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டவர் இல்லாத இடத்தில் செல்போன் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வேலை செய்யும். டவர் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட் வழியே நொடியில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அதே விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தைச் சொல்லி முடிக்க 30 நொடி, எல்லாச் செயற்கைக்கோள்களின் மொத்தப் பட்டியலையும் சொல்லி முடிக்க பன்னிரண்டரை நிமிடம். இடையில் மரமோ பாறையோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் மலையடிவாரம் போய்ச் சேர்ந்த பிறகு ஜிபிஎஸ்ஸை ஆன் செய்யாமல், டவர் இருக்கும்போதே ஆன் செய்து இடம் பிடிக்க வைத்துவிடுவது நல்லது. போகும் பகுதியின் மேப்பை வீட்டிலேயே இறக்கி, ஏரோப்பிளேன் மோடில் போட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் ரோடுகள் தெரிந்தால்தான் மேப் உண்மையில் போனுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

செல்போனின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மதுரை வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிச் சார்ஜும் போட்டால் சூடாகி, திரை மங்கி, கடைசியில் தானே அணைந்துவிடும். பைக் இன்ஜினின் அதிர்வு கேமராவின் ஆட்டம் தடுக்கும் பகுதியைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுன்ட் இல்லாமல் நல்ல போனை பைக்கில் மாட்டாதீர்கள். பழைய போன் ஒன்றைச் சிம் இல்லாமல் மேப்புக்கென்றே ஒதுக்குவது இதைவிட நல்ல வழி. ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் செயலிகள் இரண்டும் சிம் இல்லாமலே நன்றாக ஓடும்.

தனிக் கருவிதான் வேண்டும் என்றால், கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. எந்தப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும் என்பதே அதன் பெரிய பலம். ரீசார்ஜபிள் போடுகிறவர்கள் செட்டிங்கில் பேட்டரி வகையை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 1.2 வோல்ட்டைப் பார்த்து, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். 32எக்ஸில் காற்றழுத்த உயரமானியும் மூன்று அச்சுத் திசைகாட்டியும் கூடுதல். ஜீப்புக்கு அவை தேவையில்லை. நடந்து ஏறுபவருக்கு உதவும். வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாடல்களில் ஏற்றி வருவது விற்ற கண்டத்தின் மேப். அமெரிக்காவில் வாங்கினால் அமெரிக்கப் பாதைகள்தான் இருக்கும். நம் ஊருக்கு நாமேதான் ஏற்ற வேண்டும்.

இரட்டை அலைவரிசைக் கருவிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்றால், இடத்தைப் பொறுத்தது. யானைமலை, நாகமலை மாதிரி செங்குத்துப் பாறைக்கு அடியில் நின்றால் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து புள்ளியைப் பத்து இருபது மீட்டர் தள்ளிவிடும். வழக்கமான அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் பிடிக்கும் கருவி இதை நன்றாகவே சமாளிக்கும். திருமங்கலம், காரியாபட்டிப் பக்கத்துத் திறந்த கரிசல் காட்டில் அதனால் பெரிய பயன் இல்லை. ‘நாவிக் (இஸ்ரோவின் ஜிபிஎஸ் போன்ற அமைப்பு) உண்டு’ என்று அட்டையில் போட்டிருப்பதற்காக மட்டும் ஒரு போனை வாங்க வேண்டாம். இஸ்ரோவின் மீது நமக்குள்ள பெருமை வேறு, மலையில் சிக்னல் எண்ணிக்கை வேறு. ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலியில், எந்த நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் எத்தனை செயற்கைக்கோள் பிடித்திருக்கிறது என்று கடையிலிருந்து வெளியே வந்து நின்றே பார்த்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கார்மின் இன்ரீச் போலச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளும், துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போன்களும் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவிக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாட்டு விளம்பரங்களில் இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்டுவதால் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இனி மேப். நமக்குக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 ஷீட். அவர்கள் இணையதளத்தில் பதிவு செய்தால் பிடிஎஃப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஷீட் கால் டிகிரிக்குக் கால் டிகிரி, நம் பகுதியில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சதுரம். பழைய எண் முறையில் மதுரை நகரம் 58 கே/1, அழகர்மலை 58 ஜே/4. அதாவது நகரத்திலிருந்து அழகர்கோவில் போவதற்கே இரண்டு ஷீட் வேண்டும். இரண்டாவது, தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். போன் செயலிகள் பலவும், கார்மினுக்குக் கிடைக்கும் இலவச மேப்புகளும் இதிலிருந்து வருபவை.

ஷீட்டின் பலம் மேடு பள்ளத்தில் இருக்கிறது. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. 1:50,000இல் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இருந்தால் 100 மீட்டரில் 20 மீட்டர் ஏற்றம். சரளைக்கல்லில் சுமையேற்றிய பைக்குக்கு அது கஷ்டம். ஒரு மில்லிமீட்டர் என்றால் வண்டியில் ஏறும் நினைப்பையே விட்டுவிடலாம். இலவச மேப்புகளின் சமவுயரக் கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ரேடாரில் எடுத்த கணக்கிலிருந்து வருபவை. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையைவிட மரத்தின் தலையைத்தான் அதிகம் பார்த்தது. செங்குத்துப் பாறையில் கணக்கே விட்டுப்போயிருக்கும். அதனால் போனில் சாய்வாகத் தெரிவது நேரில் சுவராக நிற்கலாம்.

ஷீட்டின் பலவீனம் வயது. மேலூர், கீழவளவு பக்கம் கிரானைட் வெட்டிய இடங்களில், பழைய ஷீட் குன்று என்று காட்டும் இடத்தில் இன்று தண்ணீர் தேங்கிய பள்ளம் கிடக்கிறது. குன்றைச் சுற்றிப் போன வண்டிப்பாதை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றுவிடும். பல இடங்களில் தடுப்புக் கிடையாது. சாயங்காலம் மேற்கே பார்த்து ஓட்டி வருகிறவருக்கு, மணல்மேட்டைத் தாண்டிய பிறகுதான் பள்ளம் தெரியும். கல்குவாரிப் பகுதிக்குப் போகிறவர்கள் கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் திறந்து, பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்தி, கடைசி நாலைந்து வருடப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பலவீனம் வேறு. அதிலுள்ள காட்டுப்பாதைகளில் பலவற்றை யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தவை. கோடையில் எடுத்த படமென்றால் காய்ந்த கண்மாய்க்குள் குறுக்கே போகும் டிராக்டர் தடமும் பாதையாகப் பதிவாகியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அங்கே இடுப்பளவு தண்ணீர். சரி, கரைமேல் சுற்றிப் போகலாம் என்றால் பைக்குக்குப் பரவாயில்லை. ஜீப் கரையேறிவிட்டால் திருப்ப இடமில்லை. பாதி தூரத்தில் சீமைக்கருவேல் அடைத்திருக்கும், அல்லது உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு குறுக்கிடும். வந்த தூரம் முழுவதும் ரிவர்ஸில்தான் வர வேண்டும். கண்மாய் பெயரைப் போட்டிருக்கும் நீலப்பகுதிக்குள் எந்தக் கோடு நுழைந்தாலும், தண்ணீர் காலத்தில் அதை இல்லாத பாதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பற்றியும் மேப் வாய் திறக்காது. கள்ளிக்குடி, பேரையூர்க் கரிசலில் ஒரு மழை விழுந்தால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சகதி இறுகிச் சக்கரமே சுற்றாது. அதே மழைக்குப் பிறகு மேலூர்ச் செம்மண்ணில் சுலபமாகப் போய்விடலாம்.

எண்களை உள்ளிடுவதில்தான் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகை மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே, சிறுமலை வழியாகப் போகிறது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் யூடிஎம் முறையில் அதுதான் 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லை. கோட்டுக்கு மேற்கே, கிழக்கு மேற்காக இடத்தைச் சொல்லும் எண் (ஈஸ்டிங்) 8,29,000 அருகில் இருக்கும். கோட்டைத் தாண்டியதும் 1,71,000க்குத் தாவும். மண்டல எண்ணை மாற்றாமல் மதுரைப் புள்ளியை 43இல் அடித்தால் கருவி லட்சத்தீவுப் பக்கம் கடலில் குறி வைக்கும். அவ்வளவு தூரம் போனால் தவறு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்து. மதுரையில் அட்சரேகை 9 டிகிரி 55.5 நிமிடம் உள்ள இடத்தை டெசிமலில் எழுதினால் 9.925. அதை அப்படியே 9.555 என்று அடிக்கிறவர்கள் உண்டு. வித்தியாசம் 41 கிலோமீட்டர், குறி அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் விழும். ஆகவே எல்லாவற்றையும் டெசிமல் டிகிரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். மிகப் பழைய அச்சு ஷீட்டை ஸ்கேன் செய்து பயன்படுத்துகிறவர்கள் அது பூமியின் வடிவத்துக்கான பழைய எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கில் வரைந்தது என்பதை மறக்கக்கூடாது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. மாற்றாமல் பொருத்தினால் பாதை நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளி விழலாம். புதிய ஷீட்களில் இந்தத் தொல்லை இல்லை.

கார்மினில் மேப் ஏற்றும்போது வழக்கமாக நடக்கும் கோளாறுகள் சில. 32 ஜிபிக்கு மிகாத மெமரி கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ‘கார்மின்’ என்ற ஃபோல்டருக்குள் மேப் உள்ள ஐஎம்ஜி ஃபைலைப் போட வேண்டும். பழைய மாடல்கள் ‘ஜிமேப்சப்’ என்ற பெயரை மட்டுமே அடையாளம் காணும். இரண்டு மேப்பை ஒன்றாக ஆன் செய்தால் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும். ‘பாதையே தெரியவில்லை’ என்று கருவியைத் திருப்பிக் கொடுக்க நினைக்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து, மேப் விவர அளவு என்ற செட்டிங்கை அதிகபட்சத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டித்தடங்கள் மிகவும் நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். ‘ரோட்டோடு ஒட்டு’ என்ற செட்டிங் ஆனில் இருந்தால், நீங்கள் காட்டுக்குள் நின்றாலும் புள்ளியைப் பக்கத்து ரோட்டில் கொண்டுபோய் ஒட்டும். அதை அணைத்துவிட வேண்டும்.

வழியைப் பதிந்து நண்பர்கள் அனுப்பும் ஜிபிஎக்ஸ் ஃபைலில் ரூட், டிராக் என்று இரண்டு வகை உண்டு. ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும். நடுவில் உள்ள வழியை உங்கள் கருவி தன் மேப்பை வைத்துத் தானே போட்டுக்கொள்ளும். அனுப்பியவர் மேப் வேறு, உங்கள் மேப் வேறு என்றால் வழியும் வேறாகிவிடும். டிராக் என்பது ஒருவர் உண்மையில் போன தடம். அதை எந்தக் கருவியும் மாற்றாது. ஆகவே டிராக்கைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் ஒரு டிராக்கில் 10,000 புள்ளிதான் வைத்துக்கொள்ளும். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் அது 100 கிலோமீட்டர். அதைவிட நீளமான ஃபைலை வெட்டி இரண்டாக்கி ஏற்றினால் வால் அறுபடாது.

கடைசியாக, எந்த மேப்பிலும் சரியாகக் கிடைக்காத ஒன்று காப்புக்காட்டின் எல்லை. வண்டித்தடம் காட்டில் நுழைந்த பிறகும் திரையில் அதே கோடாகத்தான் தெரியும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு மலையேற்ற விதிகளும் இறுகின. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. வனத்துறை ஒவ்வொரு கோட்டத்தின் காப்புக்காட்டு எல்லையையும், நுழையக்கூடிய பாதைகளையும் ஜிபிஎக்ஸ் ஃபைலாக வெளியிட்டால், போனிலும் கருவியிலும் ஏற்றிக்கொண்டு எல்லைக்கு முன்பே வண்டியைத் திருப்பிவிடலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. குட்லாடம்பட்டி அருவி, சாத்தையாறு அணை, அரிட்டாபட்டி என்று சுற்றிப் பார்க்கும் இடங்களைப் பற்றி எழுதும்போது, வண்டி நிறுத்தும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை டெசிமலில் ஐந்து இலக்கத்தோடு போடுங்கள். கூடவே வனத்துறை அனுமதி வேண்டுமா, எந்த மாதங்களில் பாதை தண்ணீரில் மூழ்கும் என்று ஒரு வரி. ஒரே பெயரில் நாலு புதுப்பட்டி இருக்கும் ஒரு மாவட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு அந்த இரண்டு எண்கள் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை