கரைக்கும் ஒரு காலண்டர் போடுங்கள்

சென்னைக் கடற்கரையைக் கவனிக்கும் மாநகராட்சி, வனத்துறை, காவல்துறை, மீன்வளத்துறை அதிகாரிகள் எல்லாருக்கும் சேர்த்து,

வணக்கம். தனித்தனியாக எழுதினால் "இது எங்க துறை இல்லை" என்று ஒவ்வொரு மேசையிலிருந்தும் திரும்பி வரும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். விளக்குக் கம்பம் ஒருவர் பொறுப்பு, ஆமை இன்னொருவர் பொறுப்பு, குளிக்கப் போகிறவனைத் தடுக்கும் விசில் வேறொருவர் கையில், படகும் வலையும் நாலாவது அலுவலகத்தில். மணல் என்னவோ ஒன்றுதான்.

கேட்க வந்தது இதுதான். எண்ணூரிலிருந்து உத்தண்டி வரைக்கும் உள்ள பொதுக் கரைக்கு மாதவாரியாக ஒரு திட்டம் போடுங்கள், அதை எல்லாருக்கும் புரிகிற தமிழில் கரையிலேயே எழுதி வையுங்கள். எந்த மாதம் எங்கே ராத்திரியில் உட்காரலாம், எந்த மாதம் எந்தப் பக்கம் விளக்கு அணையும், எப்போது கடலில் இடுப்பளவு இறங்குவதே வம்பு, எந்தத் திருவிழாவுக்கு எந்த வழி அடைபடும். இப்போது நமக்கு இருப்பது வருஷம் முழுக்க ஒரே பலகை: குளிக்காதே, ஆபத்து. வாடைக்காற்றில் அலை சுருண்டு அடிக்கும் கார்த்திகையிலும் அதுதான், கடல் குளம் மாதிரி கிடக்கும் மாசியிலும் அதுதான். எந்நேரமும் ஒரே பேச்சைப் பேசுகிற பலகையை யார் படிக்கிறார்கள், சொல்லுங்கள்? அதன் காலடியிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள்.

தையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் அதிகம். காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் கூட்டத்தை நீங்கள் சமாளிக்கும் விதத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. தண்ணீருக்கு முன்னால் தடுப்புக் கட்டுகிறீர்கள், குழந்தைகள் கையில் அப்பா அம்மாவின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுகிறீர்கள், காணாமல் போன பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கிறீர்கள், அதெல்லாம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் அதே ஜனவரியில்தான் பங்குனி ஆமையும் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) முட்டையிடக் கரையேறத் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அதற்கு முக்கியமான காலம். ராத்திரியில் வந்து, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பிப் போய்விடும். சுமார் ஒன்றரை மாதத்தில், சில நேரம் அதற்கும் கொஞ்சம் கூடுதலாக, குஞ்சு வெளியே வரும். அதாவது பொங்கல் கூட்டத்தில் தொடங்கி கோடை விடுமுறைக் கூட்டம் வரைக்கும் நாமும் அவையும் ஒரே மணலில்தான் இருக்கிறோம்.

இந்த ஊரில் ஆமைக்காக ராத்திரியில் கரையோரம் நடப்பது 1970களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1988 முதல் மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு பருவமும் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரமாக வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. பொதுமக்களும் வார இறுதியில் அவர்களோடு நடக்கலாம். சென்னையில் ஒரு மனிதன் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய காட்சிகளில் இதற்கு மிஞ்சி எனக்கு ஒன்று தெரியாது, ஆனால் இப்படி ஒன்று நடக்கிறது என்று கரையில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், அதுவும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள், வகுப்போடு ஒரு ராத்திரி வந்து நடக்கும்படி வனத்துறை ஒரு ஏற்பாடு செய்தால் என்ன?

சரி, விளக்கு. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வெளிச்சமாக இருக்கும் பக்கத்தைப் பார்த்துத்தான் நகரும். இருட்டான கரையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம் இருக்கும். நாம் ரோட்டோரம் உயரக் கம்பத்தில் பளீரென்று வெள்ளை விளக்கு போட்டால் அது ரோட்டைப் பார்த்து ஊர்ந்து வந்து நாய்க்கோ டயருக்கோ போய்ச் சேரும். விளக்கை அணைத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு என்ன ஆகும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான், நானும் மொத்தமாக இருட்டாக்கச் சொல்லவில்லை. நடைபாதைக்குத் தாழ்வான, கீழ்நோக்கி விழுகிற, மஞ்சளோ சிவப்போ கலந்த விளக்கு போதும். கடலைப் பார்த்து நிற்கும் உயரக் கம்பங்களை மட்டும் ஜனவரி முதல் மே வரை இரவு பதினொரு மணிக்கு மேல் அணையுங்கள், முக்கியமாக அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரைக்கும். மணலைச் சலிக்கும் இயந்திரமும் ரோந்து ஜீப்பும் அந்த மாதங்களில் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதையும் அதே திட்டத்தில் எழுதிவிடுங்கள். சுத்தமான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடி என்ற சர்வதேசச் சான்றிதழுக்காக மெரினாவில் போட்ட மூங்கில் குடையும் இருக்கையும் பகலில் நிழல் தருகிறது, நல்லதுதான். ஆமை ஏறும் பருவத்தில் எதெல்லாம் மணலில் நிலையாக நிற்கலாம், எதை ராத்திரியில் நகர்த்த வேண்டும் என்பதும் யாராவது ஒருவர் முடிவு செய்து எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

மீன்வளத்துறைக்கு இந்த இடத்தில் தனியாக ஒரு வரி. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கித்தான் ஆமை சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வலை போடக் கூடாது என்பது சட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை எவ்வளவு கண்டிப்பாக நடத்துகிறீர்கள், அந்தக் கண்டிப்பில் பாதியை ஜனவரியில் இந்த ஐந்து மைலுக்குக் காட்டினால் போதும். கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிற குப்பத்து ஆட்களைப் பிடித்துக் கணக்கு காட்ட வேண்டாம்.

அப்புறம் கோடை. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை சந்துகளில் ஒற்றை அறை வீட்டில் அஞ்சு பேர் இருக்கிற குடும்பங்களுக்கு அக்னி நட்சத்திர ராத்திரியில் மெரினா மணல்தான் படுக்கையறை. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் சுவர் நடுராத்திரி வரைக்கும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும், கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அவர்களைப் பத்து மணி வாக்கில் விசில் ஊதி எழுப்பி அனுப்புவதால் யாருக்கு என்ன பாதுகாப்பு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. குடித்துவிட்டுத் தகராறு செய்கிறவனைப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்காக மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டிருக்கும் அம்மாவும் கிளம்ப வேண்டுமா? மெரினாவிலும் ஆமை ஏறத்தான் செய்கிறது, அதனால் முழுக் கரையையும் திறந்துவிடச் சொல்லவில்லை. உழைப்பாளர் சிலையிலிருந்து கண்ணகி சிலை வரைக்கும், சாலையை ஒட்டிய மணலில், அலையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு பகுதியைக் கயிறு கட்டிக் குறித்து, சித்திரை வைகாசியில் ராத்திரி முழுக்க விடுங்கள். குடிதண்ணீர், கழிப்பறை, இரண்டு பெண் காவலர்கள். ஆமைக்குத் தெற்கே இருட்டு, மனிதனுக்கு இங்கே காற்று. மாதத்தையும் இடத்தையும் பிரித்துப் பார்த்தால் சண்டையே இல்லாத விஷயம் இது.

வெயில் என்றதும் 2024 அக்டோபர் 6 ஞாபகம் வருகிறது. விமானப்படை சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் மெரினாவில் கூடினோம், நண்பகல் வெயில், நிழலும் தண்ணீரும் கிடைக்காத கூட்டம், திரும்பும்போது பறக்கும் ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். புரட்டாசி வெயில் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் பிறந்த எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். நிகழ்ச்சி நேரத்தைக் காலை எட்டு மணிக்குள் முடிப்பதா, சாயங்காலத்துக்குத் தள்ளுவதா என்ற கேள்வி முன்கூட்டியே யார் மேசைக்கு வந்திருக்க வேண்டும்? மாதவாரித் திட்டம் ஒன்று இருந்தால் அதில் புரட்டாசிக்கு நேராக 'பதினொன்று முதல் மூன்று வரை பெருங்கூட்டம் வேண்டாம்' என்ற வரி இருந்திருக்கும்.

இன்னொரு உதாரணம், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலை வரைக்கும் போக 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் மரப்பாதை திறந்தார்கள். வாழ்நாளில் முதல்தடவை கடல் தண்ணீரைத் தொட்டவர்கள் அன்றைக்கு அழுததைப் பார்த்தோம். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்திவிட்டது. பிறகு சரிசெய்தார்கள், அது வேறு விஷயம். திட்டம் அருமையான திட்டம், காசு செலவழித்ததையும் குறை சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழையின் நடுவில், அலை ஏறி வரும் மாதத்தில், கடல் ஓரம் வரைக்கும் ஒன்றைக் கட்டித் திறக்கலாமா என்று எந்த மீனவரிடமாவது கேட்டிருந்தால் தை பிறக்கட்டும் என்றிருப்பார். அலைப்பக்கத்துக் கடைசிப் பகுதியைப் பலகை பலகையாகக் கழற்றி மாட்டும்படி அமைத்து, ஐப்பசியில் கழற்றித் தையில் மாட்டினால் வருஷா வருஷம் பயமில்லை.

மழை மாதங்களைப் பற்றி நீங்கள் அறிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். முழுகிச் சாகிறவர்கள் செய்தியில் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். அவர்களுக்கு 'ஆபத்து' என்ற சொல் ஒரு அழைப்பு மாதிரிதான் கேட்கும், தகவல் கொடுத்தால் ஒருவேளை கேட்பார்கள். கரையில் அடித்த தண்ணீர் ஏதாவது ஒரு இடைவெளி வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், அதை நல்ல இடம் என்று நினைத்துத்தான் இறங்குகிறார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தோற்காமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இந்த நாலு வரியைப் படத்தோடு போட்டால் இப்போதிருக்கும் பத்துப் பலகைக்குச் சமம். தினமும் கொடி மாற்றுங்கள். அலை எச்சரிக்கை தர ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இருக்கிறது, கடலோர ஆராய்ச்சி மையம் நம் பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது, அதற்கும் மேலே நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் விடியற்காலை தண்ணீரைப் பார்த்தே இன்றைக்கு இழுக்குமா இழுக்காதா என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சம்பளம் கொடுத்துக் கொடியை அவர்கள் கையில் கொடுங்கள். கோடை விடுமுறையில் மெரினா நீச்சல் குளத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு இலவசமாக நீச்சல் கற்றுக்கொடுத்தால் ஐப்பசியில் உங்கள் உயிர்காப்பாளர்களுக்கு வேலை குறையும்.

மற்ற மாதங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்கு வருவதும், ஆடி அமாவாசை, தை அமாவாசை தர்ப்பணமும், ஆகஸ்ட் 29ல் கொடியேறும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவும், பிள்ளையார் கரைப்பும் தேதி தெரிந்தவைதான், வழியும் குப்பைத் தொட்டியும் முன்கூட்டியே முடிவானால் போதும். ஒளிரும் நுண்ணுயிர்களால் அலை நீலமாக மின்னும் ராத்திரிகள் மட்டும் சொல்லிக்கொண்டு வராது. 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் பாதி ஊர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடியது, ஒரு அசம்பாவிதமும் இல்லை. மக்களை நம்பலாம் என்பதற்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வடசென்னை, கடைசியில் வைத்ததற்கு அவர்கள் மன்னிக்கட்டும். மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்கே துறைமுகம் காரணம். வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, துறைமுகத்துச் சுவர் அதைத் தடுத்து நம் பக்கம் சேர்த்துவிட்டது, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய மணல் போகவில்லை, அங்கே கடல் வீட்டை அரித்தது. அதற்குக் கருங்கல்லும், கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவும் போட்டீர்கள். இன்றைக்கு காசிமேட்டுப் பையனுக்கு விளையாட மணல் இல்லை, வழுக்கும் கல் மேல்தான் ஏறிக் குதிக்கிறான். தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்த சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் நிழல், விளக்கு, உயிர்காப்பாளர், கொடி எல்லாம் முதலில் வரட்டும். நம் பக்கம் அழகுபடுத்தியது போதும், கொஞ்ச நாள் காத்திருக்கிறோம்.

ஆனி, ஆடிக்குள் நாலு துறையும் ஒரு நாள் ஒன்றாக உட்காருங்கள். கூட்டத்தை அலுவலகத்தில் வைக்காமல் ஏதாவது ஒரு குப்பத்துச் சமுதாயக்கூடத்தில் வைத்தால் குப்பத்துப் பஞ்சாயத்தாரும், சுண்டல் விற்கிறவர்களும், ஆமைக்கு நடக்கிற பிள்ளைகளும் வர வசதியாக இருக்கும். முதல் பலகை புரட்டாசி முடிவதற்குள் வர வேண்டும், அடுத்த மாதமே கடல் மாறிவிடும். எழுத்துப்பிழை பார்த்துத் தர ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தினமும் சாயங்காலம் கரையில் நடக்கும் திருவல்லிக்கேணிவாசி ஒருவர்