43 மில்லிமீட்டர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. படுக்கையறை ஜன்னலின் கைப்பிடி அம்மாவின் கையோடு வந்துவிட்டது என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்தபோது, நானும் ஓர் ஒடிந்த கைப்பிடியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே மூன்று ஜன்னல்களில் வேலை பாதியில் கிடந்தது. அதை முடித்துவிட்டு எழுதினால் உனக்கும் உதவுமே என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன். தவறாக நினைக்காதே.

வீட்டுச் செய்தி முதலில். அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளை மறுபடி அவரே படிக்கிறார். விரல் மூட்டு வலி மட்டும் குறைந்தபாடில்லை; காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க அரைமணி நேரமாகிறது. பெரியவன் வேலை மாறியிருக்கிறான். உன் மகள் தனியாகக் குடிபோனதைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதற்குத் தனிக் கடிதமே எழுத வேண்டும். ஜன்னலைப் பற்றி எழுதும் கடிதத்தின் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது.

சரி, ஜன்னல். எட்டு ஜன்னல்களுக்கும் ஒரே மாதிரியாகப் புதுக் கைப்பிடி வாங்கிவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்த ஒன்று ஏன் ஒடிந்தது என்று பார்த்தாயா?

எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரே வருடத்தில் இரண்டு கைப்பிடிகள் ஒடிந்தன. மட்டமான சரக்கு என்று நினைத்து, இரண்டாவது முறை கனமானதாகத் தேடி வாங்கி மாட்டினேன். அதுவும் கழுத்தில் ஒடிந்தது. மூன்றாவதை வாங்குவதற்கு முன்தான் கதவைத் திறந்து வைத்து, அதன் விளிம்பை முழுதாகப் பார்த்தேன். யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலில் கைப்பிடி வெறும் திருகு பிடிதான்; பூட்டும் வேலையை உள்ளே இருப்பவை செய்கின்றன. கைப்பிடியின் முதுகில் ஒரு சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது சட்டத்துக்குள் இருக்கும் சின்னக் கியர் பெட்டியில் நுழைந்து, கதவின் விளிம்பு நெடுக ஓடும் உலோகப் பட்டையை மேலும் கீழும் நகர்த்துகிறது. பட்டையில் காளான் தலை போன்ற குமிழ்கள் உண்டு. அவை நிலையில் பொருத்திய தகடுகளில் போய் மாட்டிக்கொள்ளும்போதுதான் ஜன்னல் பூட்டிக்கொள்கிறது.

எங்கள் பட்டையின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்து, கறுத்த களிம்பாக இறுகியிருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். ஒரு பூச்சியின் சிறகு அப்படியே அதில் ஒட்டியிருந்தது. பிறகு தையல் மிஷின் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, சதுரக் கம்பியைக் குறடால் பிடித்து முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து முறை திருப்பினேன். முதலில் கறகறவென்று முரண்டியது. அப்புறம் ஒரு கட்டத்தில் சட்டென்று இளகியது. இப்போது இரண்டு விரலால் திருப்பலாம். அந்த இரண்டு கைப்பிடிகள் மேலும் எந்தக் குற்றமும் இல்லை. நாங்கள்தான் அத்தனை பலம் கொடுத்துத் திருகியிருக்கிறோம். இவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தவை. அளவுக்கு மீறித் திருகினால் வளைந்துகொடுக்காமல் படக்கென்று முறிந்துவிடும்.

ஆகையால் கடைக்குப் போகும் முன் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மற்ற ஏழு ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பார். திறந்திருக்கும்போதே இறுக்கமாக இருந்தால் பட்டையிலோ கியர் பெட்டியிலோ கோளாறு. சுத்தம் செய்து எண்ணெய் விடு. திறந்திருக்கும்போது லேசாகத் திரும்பி, மூடினால் மட்டும் முரண்டு பிடித்தால் கதவு தொங்கியிருக்கிறது, குமிழ்கள் தகட்டில் நேராகப் போய் விழவில்லை என்று பொருள். அதற்குக் கீலைச் சரிசெய்ய ஆள் வேண்டும். புதுக் கைப்பிடியால் அது தீராது. கைப்பிடி சுற்றுகிறது, பட்டை அசையவே இல்லை என்றால், கைப்பிடியைக் கழற்றிவிட்டுச் சதுரக் கம்பியை மட்டும் செருகிக் குறடால் திருப்பு. பட்டை அசைந்தால் கெட்டது கைப்பிடி. அசையாவிட்டால் கியர் பெட்டி.

உன் அம்மாவின் ஜன்னல் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பயப்படாதே. கம்பியின் துண்டு ஓட்டைக்குள் நிற்கிறது அல்லவா? அதைக் குறடால் பிடித்து மெதுவாகத் திருப்பினால் திறந்துவிடும். கம்பியும் உள்ளே முறிந்திருந்தால், அதே கனமுள்ள வேறொரு சதுரக் கம்பியைச் செருகித் திருப்ப வேண்டும். நெம்பித் திறக்க மட்டும் யாரையும் விடாதே, சட்டம் பிளந்துவிடும்.

இனி அளவு. கண்ணால் பார்த்து, "இதே மாதிரிதான் இருந்தது" என்று வாங்கி வந்தவர்கள் யாரும் ஒரே நடையில் வேலையை முடித்ததில்லை. மூன்று அளவுகளை எடுத்துக்கொள். இரண்டு ஸ்குரூ ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு? பெரும்பாலும் 43 மில்லிமீட்டர் இருக்கும். உன்னுடையதும் அப்படி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சதுரக் கம்பி எவ்வளவு கனம்? வழக்கமாக 7 மில்லிமீட்டர். அப்புறம் கம்பியின் நீளம். பலர் தடுக்கி விழும் இடம் இது. கைப்பிடியின் அடித்தகடு சட்டத்தில் உட்காரும் பரப்பிலிருந்து கம்பியின் நுனி வரை அளக்க வேண்டும், கம்பி முழுவதையும் அல்ல. 10 மில்லிமீட்டரிலிருந்து 55 வரை பல நீளங்களில் கிடைக்கிறது. சட்டத்தின் கனத்துக்கு ஏற்ப அது மாறும். நீளம் கூடிவிட்டால் ஆக்சா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் ராவிக்கொள்ளலாம். குறைந்துவிட்டால் வழியே இல்லை: கம்பி கியர் பெட்டியை நுனியால் மட்டும் கவ்விக்கொண்டு, சில மாதங்களில் அந்த ஓட்டையையே வட்டமாகத் தேய்த்துவிடும். பிறகு கியர் பெட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் நீளமானதையே வாங்கு.

பிடி கழுத்தில் ஒரு பக்கமாக வளைந்திருந்தால் இடது, வலது என்று தனித்தனியாக விற்பார்கள். எது இடது என்று கடைக்குக் கடை ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் நீ மாட்டிக்கொள்ளாதே. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய், புதியதின் பக்கத்தில் வைத்துப் பார். நேரான பிடிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எல்லா ஜன்னலிலும் சதுரக் கம்பி இருக்கும் என்றும் நினைத்துவிடாதே. சிலவற்றில் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாக்கு இருக்கும். பழைய அலுமினிய ஜன்னல்களில் கைப்பிடியிலிருந்தே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டு, நிலையின் விளிம்பில் போய்க் கவ்வும். அதற்கு அளவு, அடித்தகட்டிலிருந்து மூக்கின் அடிப்பக்கம் வரை உள்ள உயரம். இரண்டு மில்லிமீட்டர் கூடினால் ஜன்னல் ஆடும், குறைந்தால் மூடவே மூடாது.

தேர்ந்தெடுக்கும்போது நான் நிறத்தைத்தான் கடைசியில் பார்த்தேன். முதலில் பார்த்தது அத்தையின் கையை. நான்கு மாதிரிகளைக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தேன். கண்ணுக்கு மெல்லியதாக, அழகாக இருந்ததை ஒரு தடவை பிடித்துப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்; அதன் விளிம்பு விரல் மடிப்பில் அறுத்தது. நீளமான, உருட்டின பிடியைப் பிடித்ததும் கட்டை விரலைக்கூட மடக்காமல் உள்ளங்கையால் தள்ளித் திருப்பிக் காட்டினார். பிடி நீளமாக ஆக, திருப்ப வேண்டிய பலம் குறைகிறது. வலியுள்ள கைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன செய்துவிட முடியும்? உன் அம்மாவையும் தொட்டுப் பார்க்கவிடு. அவர் கையால் தேர்ந்தெடுக்கட்டும்.

சாவி போட்டுப் பூட்டும் வகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கீழ்த்தளத்தில், வெளியிலிருந்து கை எட்டுகிற ஜன்னலுக்கு அது நல்லது. படுக்கையறைக்கு என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரவில் தீப்பிடித்தால் அந்த ஜன்னல்தான் வெளியேறும் வழி. இருட்டிலும் புகையிலும் சாவியைத் தேட முடியாது. பொத்தானை அழுத்தித் திருப்பும் வகை அங்கே போதும். சாவி வகைதான் வேண்டுமென்றால், சாவியை ஜன்னலுக்கு அருகிலேயே, வெளியிலிருந்து எட்டாத இடத்தில் ஆணியில் மாட்டி, வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டிவை. பேரக்குழந்தைகள் வரும் வீடாக இருந்தால், கைப்பிடியை மட்டும் நம்பாமல், கதவு பத்து சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுக்கும் கம்பியையும் பொருத்திவிடு. கடற்காற்று படும் ஜன்னல் என்றால் முலாம் பூசியதைத் தவிர்த்து, துருப்பிடிக்காத எஃகில் வாங்கு.

மாட்டுவது, நம்பு, ஒரு ஜன்னலுக்குக் கால்மணி நேர வேலைதான். ஸ்குரூக்கள் வெளியே தெரியாது. சிலவற்றில் அடித்தகட்டின் மேலுள்ள மூடியைச் சற்றுத் தூக்கித் திருப்பினால் தெரியும். சிலவற்றில் கைப்பிடியைத் திறக்கும் நிலைக்குத் திருப்பினால்தான் அதன் அடியிலிருந்து வெளிப்படும். கழற்றுமுன் கைப்பிடி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். புதியதையும் அதே நிலையில் வைத்துத்தான் செருக வேண்டும். இரண்டு ஸ்குரூக்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் முடுக்கு. மின்சாரத் திருப்பியை எடுக்காதே. முடுக்கி முடித்ததும் கைப்பிடி இறுகி, தளர்த்தினால் லேசாகிறது என்றால், கம்பி உள்ளே போய் முட்டுகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அறுத்துவிடு.

போன வாரம் அப்பா வீட்டுக்கும் போயிருந்தேன். தம்பி அந்த மர ஜன்னல்களின் பித்தளைக் கொண்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கப் போவதாகச் சொன்னான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கொண்டிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஸ்குரூ ஓட்டைகள் அகன்றுபோய்ப் பிடிப்பு இல்லாமல் ஆடின, அவ்வளவுதான். தீக்குச்சியின் மருந்தை நீக்கிவிட்டு, குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டைக்குள் நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மிச்சத்தைச் சீவிவிட்டோம். பித்தளை ஸ்குரூ மென்மையானது, நேராக முடுக்கினால் தலை போய்விடும். அதனால் அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் ஏற்றி வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை மெழுகு தடவி ஏற்றினோம். அப்பாவின் கட்டை விரல் பட்டுப் பட்டு அந்தக் கொண்டியில் ஓர் இடம் மட்டும் பள்ளமாக, பளபளவென்று இருக்கிறது. தம்பி அதில் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

இப்போது நீ ஒரு வேலை செய். உடைந்த கைப்பிடியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரை. கம்பியையும் பக்கத்தில் படுக்கவைத்து வரைந்துகொள். கீல் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் எழுது. தாளில் மீதி இடத்தில் அம்மாவின் வலது கையை விரித்துவைக்கச் சொல்லி அதையும் வரைந்து, அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி