அப்பாவின் சிகிச்சையில் கூட நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நுரையீரல் புற்றுநோய்க்காக அப்பாவுக்குக் கொடுத்த கீமோவும் (மருந்துச் சிகிச்சை) கதிர்வீச்சும் முடிந்து ஸ்கேனும் எடுத்தாயிற்று. கட்டி சுருங்கியிருக்கிறது. பலரிடம் நேரில் நன்றி சொல்ல வாய்க்கவில்லை, அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அறுவை மருத்துவருக்கு. "ஆபரேஷன் முடியாது" என்பதோடு அவர் எங்களை அனுப்பிவிடவில்லை. நடுமார்பின் நிணநீர்க் கணுக்கள் வரை நோய் போயிருக்கிறது, மூன்றாம் நிலை, கத்தி வைத்தாலும் மிச்சம் இருக்கும் என்று படத்தைக் காட்டி விளக்கினார். மற்ற மருத்துவர்களிடம் அன்றே பேசியதும் அவர்தான்.

அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. கரண்ட் (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) வைத்தால் போதும், கீமோ உடம்பை உருக்கிவிடும் என்றார் சித்தப்பா. அத்தைக்கோ கரண்ட் என்றாலே பயம். கடைசியில் புற்றுநோய் மருத்துவரிடமே "இரண்டில் எது நல்லது?" என்று கேட்டோம். அவர் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அவர் விளக்கியது இது: கதிர்வீச்சு குறிவைத்த இடத்தில்தான் வேலை செய்யும். அங்கிருந்து நழுவிப்போன செல்களை அது தொடாது. கீமோ ரத்தத்தோடு உடம்பெல்லாம் போகும், ஆனால் அந்த அளவுக் கட்டியை அது மட்டும் தீர்ப்பது அரிது. தவிர, கீமோ மருந்து கட்டியைக் கதிருக்கு இன்னும் பலவீனமாக்குகிறது. 1990-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வையும் சொன்னார். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 9.7 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். முன்னதாகக் கீமோவும் பெற்றவர்களில் அது 13.8 மாதம். பிறகு வந்த ஆய்வுகளில், ஒன்று முடிந்து மற்றொன்று என்பதைவிட இரண்டையும் சேர்த்தே கொடுப்பது மேல் என்று தெரிந்தது: ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்குச் சுமார் 11-லிருந்து 15 ஆனார்கள். அதற்கு விலையும் உண்டு. உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாவது நூற்றுக்கு 4-லிருந்து 18 ஆகியது. அதையும் மறைக்காமல் சொன்னாரே, அதனால்தான் அவரை நம்பினோம். அப்பாவின் சிறுநீரகமும் மூச்சும் தாங்கும் என்று பார்த்த பிறகே சேர்த்துக் கொடுத்தார்கள். தளர்ந்தவராக இருந்திருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகவோ கதிர்வீச்சு மட்டுமோதானாம்.

"கதிர் அளவை இன்னும் கூட்டி வைத்தால் கட்டி சீக்கிரம் கரையாதா?" என்று தம்பி கேட்டதற்குச் சிரிக்காமல் பதில் சொன்ன கதிர்வீச்சு மருத்துவருக்கும் நன்றி. 60 கிரேயையும் 74 கிரேயையும் (கிரே என்பது கதிர் அளவின் அலகு) ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களாம், கூடுதல் அளவு பெற்றவர்கள் கூடுதலாக வாழவில்லையாம். அப்பாவுக்கு 60 கிரே, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுப்பது அப்பாவின் தோளுக்குப் பெரும் பாடு. மார்பில் போட்ட குறிகள் ஒரு மயிரிழைகூட விலகாமல், தோளுக்கு அணைவும் கொடுத்துப் படுக்க வைத்த டெக்னீஷியன்களை அப்பா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சொல்லிப் பேசுகிறார்.

கீமோ வார்டு சிஸ்டருக்குத் தனி நன்றி. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு ராத்திரி அது நடந்தது. உடனே கிளம்பினோம், ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள், சரியானது. விழுங்க முடியாத வாரங்களில் எதைக் கூழாக்குவது, எதை ஆறவைத்துக் கொடுப்பது என்று சொல்லித்தந்த உணவு ஆலோசகருக்கும், தினமும் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் வரைக்கும் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம் என்பதால். நோய் வளராமல் நிற்பதால் அடுத்த வாரம் துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புற்றுநோயைத் தாக்க உதவும் மருந்து) தொடங்குகிறது, ஓர் ஆண்டு வரை போகும். ஆகவே சிஸ்டர், வண்டி ஓட்டும் தம்பி, உங்கள் இருவரையும் இன்னும் கொஞ்ச காலம் தொந்தரவு செய்யப்போகிறோம்.

அன்புடன்,
அப்பாவும் நாங்களும்